விறகாகும் மரவைகள்

(உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்ச் சொல் ஒன்றை எடுத்து அதன் அடியைத் துருவிப் பார்த்தால், அச்சொல்லைப் படைத்தவனின் கையும் வேலையும் அங்கே தெரியும். அவ்வாறு கை தெரியும் சொற்களுள் ஒன்று 'கடைதல்'. மோரைக் கடைகின்றாள் ஒருத்தி. மரத்தைக் கடைகின்றான் ஒருவன். ஒன்றில் வெண்ணெய் திரள்கின்றது. மற்றொன்றில் கிண்ணம் பிறக்கின்றது. நீர்மப் பொருளைக் கலக்குவதற்கும் வன்கட்டையைச் செதுக்குவதற்கும் தமிழன் ஒரே சொல்லை வைத்தது ஏன்? சொற்பஞ்சமா? அன்று!

பழைய கடைசற் பட்டறையைக் கண்டவர்களுக்கு விடை உடனே விளங்கும். இரண்டு முளைகளுக்கு இடையே கட்டை கிடக்கும். அக் கட்டையின் மேல் கயிறு ஒன்று சுற்றப்பட்டிருக்கும். ஓராள் எதிரே அமர்ந்து கயிற்றின் இரு தலைப்பையும் பிடித்து மாறி மாறி இழுப்பான். கட்டை முன்னும் பின்னுமாகச் சுழலும். தூணிற் கட்டிய மத்தைத் தாய் எப்படி இழுத்துக் கடைகின்றாளோ, அதே இழுப்பு! அதே முன்பின் சுழற்சி! மத்து நின்று சுழல்கின்றது, கட்டை கிடந்து சுழல்கின்றது, வேறுபாடு அவ்வளவே. கட்டை தன்னை நோக்கிச் சுழலும்போது மட்டும் கடைசற்காரன் உளியை வைப்பான். அப்பால் சுழலும்போது எடுத்துவிடுவான். பாதி இழுப்பு வேலை, பாதி இழுப்பு ஓய்வு. மலையாளத்திலும் கன்னடத்திலும் இவ்வேர்ச்சொல் இவ்விரு பொருளிலும் இன்றும் வழங்குகின்றது. எனவே, மொழிகள் பிரிவதற்கு முன்பே இவ்விரு தொழிலும் ஒரு கயிற்றில் கட்டப்பட்டிருந்தன என்று கருத இடமுண்டு.

மரத்தாற் செய்த கலத்திற்குத் தமிழர் இட்ட பெயர் 'மரவை'. அகரமுதலிகளில் அச்சொல் உயிரோடுதான் இருக்கின்றது. சிற்றூர் அடுக்களைகளில் 'உப்பு மரவை' இருந்ததைப் பாட்டிமார் அறிவர். உப்பு இரும்பை அரித்துவிடும், மரத்தை அரிக்காது, ஈரக் காற்றில் கசியும் நீரை மரம் உறிஞ்சிக்கொள்ளும். நெல்லளந்த 'மரக்கால்' என்னும் பெயரிலும் மரம் குந்தியிருக்கின்றது. இன்றோ, நகரத்துப் பெருங்கடைகளில் 'உட்டன் பவுல்' என்னும் பெயரில் அதே கலத்தை அடுக்கி வைக்கின்றார்கள். தமிழரும் அந்தப் பெயரையே சொல்லி, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வருகின்றார்கள். வெளியிலிருந்து வந்தது கலம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பெயரும் சேர்ந்து வந்துவிட்டதே! வீட்டிலுள்ள மரவையின் பெயர் மறந்து போனமையால், வீட்டிலேயே மரவை இருந்தது என்பதும் மறந்து போயிற்று.

தமிழ்நாட்டில் இத்தொழில் முற்றும் மாய்ந்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டா. பொருநையாற்றங் கரையில் அம்பாசமுத்திரம் இருக்கின்றது. சிறுமியர் வைத்து ஆடும் சின்னஞ்சிறு அடுப்பு, பானை, உரல், உலக்கை, திருகை, குடம் இவற்றைக் கடைந்து தரும் ஊர் அது. மக்கள் வாயில் அது 'சொப்புச் சாமான்'. செப்பு என்பதே சொப்பு எனத் திரிந்தது; சிமிழ் போன்ற சிறு கலத்திற்குச் செப்பு என்பது பழம்பெயர். பின்னொட்டாக நிற்கும் 'சாமான்' பாரசீகத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அதை உதிர்த்துவிட்டுச் செப்பு என்றாலே பொருள் குறைவின்றி விளங்கும். தமிழ்க் குழந்தைகள் தச்சன் செய்த ஆட்டப் பொருளை வைத்து விளையாடியது நேற்றைய வழக்கமன்று. தச்சன் செய்து கொடுத்த சிறு வண்டியை இழுத்து மகிழும் சிறுவரைக் குறுந்தொகையின் 61ஆம் பாட்டு உவமையாகவே காட்டுகின்றது. ஊரறிந்த பொருளைத்தானே புலவர் உவமையாக்குவர்!

செப்புக் கடைசலுக்கு உகந்ததென்று பெயர் பெற்றது மஞ்சள் கடம்பு. பெயருக்கேற்ற மஞ்சள் நிறமும், நெருங்கிய சீரான இழையும் உடைய மரம் அது. உளிக்குச் சண்டித்தனம் செய்யாது. கன்னட நாட்டுச் சென்னபட்டணத்திலும், ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்காவிலும் இதே வகைத் தொழிலுக்குக் கொள்வது வெட்பாலை மரத்தை; அதன் கட்டை தந்தம் போல் வெளுத்திருக்கும். வெட்பாலை தமிழ்நாட்டுக் குன்றோரங்களிலும் தானே வளரும் மரம். அங்கே ஊருக்குப் பெயர் தேடித் தந்த மரம், இங்கே பெரும்பாலும் தோல் நோய்க்கு எண்ணெய் காய்ச்ச இலை தருவதோடு நின்றுவிட்டது.

கடைந்து முடித்த செப்பிற்கு நிறமேற்றும் முறையை இங்கே சற்று விரித்துச் சொல்லியாக வேண்டும். தூரிகை இல்லை, குழம்பு இல்லை. நிறங் கலந்த அரக்குக் கோலைச் சுழலும் கட்டையின் மேல் அழுத்துவார்கள். உராய்வில் சூடு பிறக்கும்; சூட்டில் அரக்கு இளகும்; இளகிய அரக்கு கட்டையின் மேல் தானாகப் பரவும். பிறகு தாழை ஓலையை மடித்து அதன் மேல் வைத்துப் பிடிப்பார்கள். மேடு பள்ளமாக நின்ற அரக்கு ஒரே தோலாக விரிந்து, கண்ணாடி போல் பளிச்சிடும். அரக்கு, புரசிலும் இலந்தையிலும் வாழும் ஒரு சிறு பூச்சி தருவது. தாழை, ஆற்றோரத்தில் வேலியாக நிற்பது. ஆலையில் வாங்க வேண்டிய பொருள் ஒன்றுகூட இதில் இல்லை. மஞ்சளும் அவுரியும் சேர்ந்தால் பச்சை என்பது பள்ளிப் பாடமாகு முன்பே பட்டறைப் பாடமாக இருந்தது. ஆனால் ஒன்று: அரக்கு சூட்டில் இளகுவது, ஆகையால் சுடுசோறு இடும் கலத்திற்கு அது ஏலாது. உண்கலத்திற்கு எண்ணெய் பூசுவதே முறை. அதிலும் தேங்காயெண்ணெய் காயாமல் நின்று நாளடைவில் சிக்கு நாற்றம் வைக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டுத் தானே இறுகிக்கொள்ளும்.

செப்புக் கடைவது வேறு. மரவை கடைவது வேறு. இதைப் பிரித்தறியாமல், "குடம் கடைகிறவன் கிண்ணம் கடைய மாட்டானா?" என்று கேட்பவர் உண்டு. செப்பிற்குச் சிறு கிளை போதும். மரம் வளர்ந்த போக்கிலேயே கட்டை கிடக்கும். இழை நீளவாட்டில் ஓடும். பருத்த பக்கத்திலிருந்து சிறுத்த பக்கத்திற்கு உளியை ஓட்டினால் இழை படிந்து அறுபடும். அகன்ற மரவைக்கோ அடிமரம் வேண்டும். அதனைக் குறுக்கே துண்டாக்கி, நடுப்புள்ளி வழியே நெடுக்கப் பிளந்து, பாதிக் கட்டையைப் பொறியில் ஏற்ற வேண்டும். அப்போது இழை குறுக்கே கிடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் உளி இருமுறை இழையோடும் இருமுறை இழைக்கு எதிராகவும் போராடும். ஆதலால் முறை தலைகீழாகிவிடும்: வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்பை நோக்கியும், உட்புறத்தை விளிம்பிலிருந்து நடுவை நோக்கியும் கடைதல் வேண்டும். மாறினால் இழை பிய்ந்து, மயிர் சிலிர்த்தாற்போல் நிற்கும். எத்தனை தேய்த்தாலும் போகாது.

நடுப்புள்ளியை ஏன் பிளந்து விலக்க வேண்டும் என்பதற்கும் கரணியம் உண்டு. பச்சை மரத்தில் நீர் நிறைந்திருக்கின்றது. சில மரங்களில் நீரின் எடை, காய்ந்த கட்டையின் எடைக்கே ஈடாகிவிடும். அந்நீர் உலர்ந்து, கட்டை எடையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கிய பிறகுதான் மரம் சுருங்கத் தொடங்கும். அச்சுருக்கமும் எல்லாப் பக்கமும் ஒன்றாக இராது. வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய போக்கில் சுருங்குவதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. முழு உருளையாக விட்டால் இவ்விரண்டு இழுப்புக்கும் நடுவே மரம் என்ன செய்யும்? வெடிக்கும்! பிளந்து வைத்தால் வெடிக்க வேண்டிய மரம் வளைந்து கொடுத்துவிடும்.

எனவே, தேர்ந்தவர்கள் மரவையை இருமுறை கடைவார்கள். முதற்கடைசல் பச்சையிலேயே நடக்கும். 30 செ.மீ. அகலமுள்ள கலமென்றால் சுவர் 3 செ.மீ. கனமாக, அதாவது அகலத்தில் பத்திலொரு பங்காக, விட்டுவைப்பார்கள். இழைமுனை தெரியும் இடங்களில் மெழுகு பூசி, காற்று வீசியடிக்காத நிழலில் அடுக்குவார்கள். கிழமைதோறும் நிறுத்துப் பார்ப்பார்கள். எடை குறைவது நின்றால் மரம் காய்ந்தது என்பது பொருள். இதற்குள் வட்டமாக இருந்த கலம் முட்டை வடிவாகியிருக்கும். விட்டுவைத்த கனத்திற்குள்ளே மீண்டும் வட்டத்தைக் கண்டெடுப்பது இரண்டாம் கடைசல். பத்திலொரு பங்கு என்பது பொருளற்ற கணக்கன்று. அதற்குக் குறைந்தால் கோணலுக்குள் வட்டம் அடங்காது. மிகுந்தால் உலருமுன் வெடிக்கும். பொறுமையற்றவனுக்கு இத்தொழில் உதவாது. அவனுக்கு ஞெகிழி வாணிகம் இருக்கின்றது!

மரத்தின் உறுதி எங்கே இருக்கின்றது என்பதைத் தமிழன் இலக்கணத்திலேயே எழுதி வைத்தான். தொல்காப்பியத்தின் மரபியல், உறுதி வெளியே அமைந்தவற்றைப் புல் என்றும், உள்ளே அமைந்தவற்றை மரம் என்றும் பகுக்கின்றது. அவ்வுறுதிக்கு ஆசிரியர் ஆளும் சொல் 'காழ்'. தென்னையும் பனையும் இந்நெறிப்படி புல்லினம். கடைசற் பட்டறையில் தென்னங்கட்டையை ஏற்றிப் பாருங்கள். தொல்காப்பியர் சொன்னது கைக்குத் தெரியும்! வெளிப்புறம் கல் போல் நிற்கும். உள்ளே போகப் போகச் சோறு போல் உதிரும். பூவரசில் நேர்மாறு. வெளுத்த வெளிறு புறத்தே. செம்பழுப்பான காழ் அகத்தே. வெளிற்றைப் புழு துளைக்கும். காழைத் துளைக்க அதனால் எளிதில் இயலாது. மரவைக்குக் காழ்ப்பகுதியைத் தேர்வது இதனால்தான்.

பூவரசைச் சொன்னவுடன் கடலைக் கடந்து ஓரிடத்திற்குச் செல்ல வேண்டியிருக்கின்றது. அமைதிப் பெருங்கடலின் நடுவே அவாய்த் தீவுகள் உள்ளன. அத்தீவுகளின் பழங்குடி மக்கள் மட்கலம் வனைந்தவரல்லர். மரக்கலமும் சுரைக்குடுவையும் கொண்டே உண்டு வாழ்ந்தனர். அவர்கள் உண்கலத்திற்குத் தேர்ந்த மரங்களுள் ஒன்றுக்கு 'மிலோ' என்று பெயர். மற்றொன்றுக்குக் 'கமனி' என்று பெயர். மிலோ என்பது வேறு எதுவுமன்று. தமிழ்நாட்டு வேலிகளில் நிற்கும் பூவரசேதான்! கமனி என்பது நெய்தல் நிலத்துப் புன்னை! பூவரசங் கட்டை உணவிற்குத் தன் சுவையை ஏற்றாது என்பதால், அதில் கடைந்த கலத்தை அவர்கள் உயர்வாகப் போற்றினார்கள். பூவரசின் விதை கடல்நீரில் நெடுந்தொலைவு மிதந்து சென்று கரையேறி முளைக்கும் தன்மையது. ஆங்கிலர் இம்மரத்திற்கு வழங்கும் 'போர்சியா' என்னும் பெயரும் 'பூவரசு' என்னும் தமிழ்ப் பெயரின் திரிபென்று ஆங்கில அகரமுதலியே கூறுகின்றது. பெயர் கொடுத்தவன் தமிழன். கலம் செய்தவன் அவாய்த் தீவினன். தமிழ்ச் சிறுவன் பூவரசிலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுவதோடு நின்றுவிட்டான். அடிமரத்தையோ விறகுக் கடைக்காரன் கொண்டு போனான்.

புன்னையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. புன்னையைத் தன் உடன்பிறந்தாளாகக் கருதி, அதன் நிழலில் காதலனோடு நகையாட நாணுகின்ற ஒருத்தியை நற்றிணை காட்டுகின்றது. அவ்வளவு நெருங்கிய மரம் இன்று கடற்கரைச் சிற்றூர்களில் தேடிக் காண வேண்டியதாயிற்று.

தூங்குமூஞ்சி மரத்தின் செய்தி மற்றொரு வகை. இது தமிழ்நாட்டு மரமன்று. நடு அமெரிக்க, தென்னமெரிக்க நிலப்பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இங்கு வந்தது. மாலையில் இலை மடிவது கண்டு மக்கள் இட்ட பெயரின் அழகைப் பாருங்கள்! அதே நூற்றாண்டில் அவாய்த் தீவுகளிலும் அது நடப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அத் தீவுகளுக்குச் சுற்றுலா வந்தவர்கள் தூங்குமூஞ்சி மரக் கிண்ணங்களை விரும்பி வாங்கிச் சென்றார்கள். தேவை பெருகவே, பிலிப்பைன்சிலும் தாய்லாந்திலும் அதே மரத்தில் அதே கிண்ணங்களைக் கடைந்து குவித்து அங்கே அனுப்பினார்கள். இம்மரத்திற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. உலரும்போது மிகக் குறைவாகவே சுருங்கும். பச்சையிலேயே ஒருமுறை கடைந்து முடித்தாலும் பெரிதும் வெடிக்காது. காழ் கரும்பழுப்பு, வெளிறு வெண்மஞ்சள், இரண்டும் ஒரே கலத்தில் அமைந்தால் நிறமேற்ற வேண்டிய தேவையே இல்லை. தமிழ்நாட்டுச் சாலைகளிலும் பள்ளி வளாகங்களிலும் இத்தகைய பெருமரங்கள் எத்தனை நிற்கின்றன! காற்றில் கிளை முறிந்தால், சாலை அகலப்படுத்தப்பட்டால், அவை எங்கே போகின்றன? செங்கற் சூளைக்கு!

சாலையோரப் புளியமரங்களுக்கும் அந்தக் கதிதான். புளியங்கட்டையின் வலிமையைத் தமிழர் அறியாதவரல்லர். இறைச்சிக் கடையில் கத்திக்கு ஈடுகொடுத்து நிற்கும் அடிக்கட்டை புளியே. எனினும் ஏலத்தில் அது விறகு விலைக்கே போகின்றது.

2011ஆம் ஆண்டு திசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூர்க் கரையைத் தாக்கியது. பண்ணுருட்டி வட்டாரத்தின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பாட்டன் நட்ட பலா ஒரே இரவில் படுத்துவிட்டது. பலாவின் காழ் எத்தகையது? வீணைக்குத் தஞ்சையில் தேடுவது பலா. மத்தளத்திற்கும் தவிலுக்கும் குடைவது பலா. துறவியரின் துவராடைக்கு மஞ்சட் சாயம் இறக்கியது பலாக் கட்டையில். வெட்டிய அன்று எலுமிச்சை நிறம். ஆண்டுகள் செல்லச் செல்லத் தேன் நிறம், பிறகு செம்பழுப்பு. அத்தகைய மரங்கள் குவிந்து கிடந்த அந்நாளில், அவற்றை வாங்கி, பிளந்து, மெழுகு பூசி, நிழலில் அடுக்கி வைக்க ஒரு கூட்டுறவுக் கிடங்கு இருந்திருந்தால்! மரம் இழந்த உழவன் விறகு விலையினும் மிகுந்த விலையைக் கண்டிருப்பான். பட்டறைக்குப் பல்லாண்டுக்குப் போதிய காழ் கிடைத்திருக்கும். புயல் தமிழ்நாட்டுக் கரைக்குப் புதியதன்று, இனியும் வரும். கிடங்கிற்குச் செலவு மிகுதியும் இல்லை. கூரையும் மெழுகும் கணக்கெழுத ஓராளும் போதும்.

காட்டை வெட்டிக் கலம் கடைய வேண்டும் என்பது இதன் பொருளன்று. அதனை அழுத்திச் சொல்லியாக வேண்டும். அம்பாசமுத்திரத்தை அடுத்த களக்காடு-முண்டந்துறைக் காடு 1988ஆம் ஆண்டிலேயே புலிகள் காப்பகமாயிற்று. காடு நின்றால்தான் பொருநை ஓடும். பொருநை ஓடினால்தான் அம்பாசமுத்திரம் இருக்கும். வேண்டுவது காட்டு மரமன்று. வேலியிலும் தோப்பிலும் சாலையிலும் வளர்ந்து, எப்படியும் விழுந்து, எப்படியும் விறகாகப் போகின்ற நாட்டு மரம்.

வேங்கைக் குவளையைப் பற்றியும் இங்கே கூறவேண்டும். வேங்கை மரத்தில் கடைந்த குவளையில் இரவு நீரூற்றி வைத்தால், காலையில் நீர் பழுப்பேறி, ஒளியில் பிடித்தால் நீலம் பூத்தாற்போல் மிளிரும். நீரிழிவுக்கு நல்லதென்று நாட்டு மருத்துவத்தில் நெடுநாளாக வழங்குவது இது. வேங்கைக் கட்டைச் சாற்றைப் பற்றி மருத்துவ ஆராய்ச்சிகளும் நடந்துள்ளன. ஆயினும் குவளையை நம்பி மருந்தை நிறுத்துவது அறியாமை. மேலும், சாயம் ஏற்றிய வேறு மரத்தை வேங்கை என்று விற்பவரும் உண்டு. வேங்கைக்குப் பெயர் பெற்றுத் தந்தவை அதன் பூக்கள். பூப்பறிக்கும் பெண்டிர் 'புலி புலி' என்று கூவிய பழைய வழக்கைக் கழகப் பாடல்கள் காட்டும். போலிக் குவளை விற்பவனைக் கண்டாலும் அவ்வாறே கூவலாம்!

தமிழ்நாட்டு அரசு 2019ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஞெகிழிப் பொருள்களுக்குத் தடை விதித்தது. வாழையிலையும் பாக்குமட்டைத் தட்டும் மீண்டும் பந்திக்கு வந்தன. மரவைக்கும் வாயில் திறந்த நேரம் அது. ஆனால், கலத்தைக் கேட்டால் கொடுக்கக் கடைசற்காரன் எங்கே? தொழிற்பயிற்சி நிலையங்களில் 'கடைசலர்' என்னும் பிரிவு உண்டு, நல்ல தமிழ்ப் பெயர், பாராட்டத்தக்கது. அங்கே கற்பிப்பது இரும்பைக் கடைவதை மட்டுமே. இரும்பைக் கடையும் பொறியும் மரத்தைக் கடையும் பொறியும் உடன்பிறப்புகள். ஆறு திங்கள் மரக் கடைசலையும் சேர்த்துக் கற்பித்தால் என்ன குறைந்துவிடும்? கயிறிழுக்கும் ஆளின் இடத்தை மின்னோடி எப்போதோ எடுத்துக்கொண்டது. கட்டை ஒரே பக்கமாகச் சுழல்கின்றது. பாதி இழுப்பு ஓய்வு என்பது போயிற்று. வேலை இருமடங்கு விரைவாயிற்று; கூலி மட்டும் அந்த விரைவில் ஏறவில்லை. செப்பு ஒன்றின் விலை ஞெகிழிப் பொம்மையின் விலையோடு ஒப்பிடப்படுகின்றது. அதனால் கடைசற்காரன் தன் மகனைப் பட்டறையில் உட்கார வைக்க அஞ்சுகின்றான். மரவைக்கு அந்த ஒப்பீடு இல்லை. செப்பில் தேர்ந்த கை மரவைக்கு மாறினால், ஒரு கலத்தின் விலை பல செப்புகளின் விலைக்கு நிற்கும்.

குடந்தைக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே உள்ள நரசிங்கம்பேட்டையில் நாயனம் கடைகின்றார்கள். 2022ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் கொள்வது ஆச்சா மரம். அதுவும் நேற்று வெட்டியதன்று. பழைய வீடுகளை இடிக்கும்போது இறக்கும் உத்தரமும் தூணும் எங்கே கிடைக்கும் என்று தேடிப் போய் வாங்குகின்றார்கள். பல பத்தாண்டுகள் கூரையைத் தாங்கிக் காய்ந்த மரத்தில் சுருங்க வேண்டிய நீர் ஏதும் மிச்சமில்லை. சுருங்காத குழலில்தான் பண் பிசகாது. ஒரு வீட்டின் உத்தரம் நாயனமாகின்றது. அந்தத் தேடலும் அந்தக் கண்ணும் மரவைத் தொழிலுக்கு வேண்டும்.

ஊரில் பூவரசோ பலாவோ தூங்குமூஞ்சியோ சாய்ந்தால், அறுப்பாள் அதனை விறகுத் துண்டாக்கு முன்பு ஒருவர் அங்கே போய் நிற்க வேண்டும். அடிமரத்தின் அகலம் எவ்வளவோ அதனினும் நான்கு விரல் கூடுதல் நீளமாக அறுக்கச் சொல்ல வேண்டும். நடுப்புள்ளி வழியே பிளக்கச் சொல்ல வேண்டும். இரு தலையிலும் அன்றே மெழுகு பூசி நிழலுக்குக் கொண்டு போய்விட வேண்டும். மறுநாள் என்று விட்டால், வெயில் ஏறியவுடன் வெடிப்பு விழத் தொடங்கிவிடும்.